டேலி சர்வருக்கு வெளியில இருந்து வர பத்திரமான வழி எது? இப்ப ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் 3389 திறந்தே கெடக்குதுங்க

நொய்யல்கரை:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பார்க்கறேன். அங்க "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்"ங்கற பேரும் எனக்குத்தான். பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் நான், நெட் போனாலும் நான். படிச்சது பி.காம்., நெட்வொர்க் எல்லாம் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். அதனால கொஞ்சம் பொறுமையாச் சொல்லுங்க.

ஆபீஸ் ரூம்ல டவர் சர்வர் ஒண்ணு, விண்டோஸ் சர்வர் 2016, அதுல கணக்கு எழுதற டேலிபிரைம் கோல்டு. பக்கத்துல பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல உபுண்டு போட்டு, கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் பீஸ் கணக்கு எழுதற ஒரு சின்ன ப்ரோக்ராம் ஓடுது. வெளியில இருந்து உள்ள வர்றவங்க நாலு பேர். ஓனர், அவர் பையன், கோயமுத்தூர் ஆடிட்டர் ஆபீஸ் பையன், நான். ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் ஒண்ணு, 20ஆம் தேதி 3பி. அதுக்கு முந்தின ராத்திரி ஆடிட்டர் ஆபீஸ் பையன் உள்ள வந்தே ஆகணும், இல்லீன்னா எனக்குத் தூக்கமில்ல.

இத்தன வருசமா எப்படி வந்தாங்கன்னு சொன்னா திட்டுவீங்க. சர்வர் போட்டுக் குடுத்தவர் ஸ்டேட்டிக் ஐபி வாங்கி, ரௌட்டர்ல 3389 போர்ட்டை நேரா சர்வருக்குத் திருப்பி விட்டுட்டுப் போயிட்டார். நாலு பேருக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின். பாஸ்வேர்டு கம்பெனி பேரும் வருசமும். வருசம் 2018. மாத்தவே இல்லீங்க.

போன வாரம் சர்வர் மந்தமா இருக்குதேன்னு ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். செக்யூரிட்டி லாக்ல 4625, 4625, 4625... ஓட்டிக்கிட்டே போறேன், முடியவே இல்ல. தப்பான பாஸ்வேர்டு போட்டு மோதுனதுக்கான நம்பராம் அது. ஒரே ராத்திரியில 11 ஆயிரத்துச் சொச்சம். அட்மின், டெஸ்ட், ஸ்கேன்னு என்னென்னமோ பேர் போட்டுப் பார்த்திருக்கான். அதுல "டேலி"ன்னும் ஒரு பேர் இருந்துச்சு பாருங்க, அப்பத்தான் வயிறு கலங்கிருச்சு. எவனோ நம்ம ஊரு வழக்கம் தெரிஞ்சே வந்திருக்கான்.

ஓனர்கிட்டச் சொன்னேன். "எனிடெஸ்க் போட்டுக்கலாமேப்பா" ன்னார். மறுநா காலையில அவரே கூப்பிட்டு, "வேண்டாம், அது திருட்டு ஆப்பாம், ரிசர்வ் பேங்க்கே சொல்லியிருக்குதாம்" ன்னுட்டார். இப்ப எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க், விஎன்சி, விபிஎன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதைப் போடறது? பத்தாயிரத்துக்குள்ளன்னா ஓனர் தலையாட்டுவார், அதுக்கு மேலன்னா அடுத்த சீசன்தான்.

டைடல்பார்க்_நைட்ஷிஃப்ட்:

ப்ரோ சிம்பிள். 3389ஐ 45123ன்னு ஏதாவது பெரிய நம்பரா மாத்திடு. பாஸ்வேர்டை 16 எழுத்து ஆக்கு. அஞ்சு தடவை தப்பா போட்டா லாக் ஆகற மாதிரி பாலிசி வை. பைசா செலவில்ல, அஞ்சு நிமிஷ வேலை.

பழையசாவி:

நொய்யல்கரை தம்பி, முதல்ல ஒண்ணு. இதைப் படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போய் ரௌட்டர்ல அந்த ஃபார்வர்டிங்கை அணைச்சிட்டு வாங்க. ஓனர் கத்தினா ரெண்டு நாள் கத்தட்டும். எந்த சாஃப்ட்வேர்ங்கறதை அப்புறம் நிதானமாப் பேசலாம்.

அணைச்சாச்சா? சரி.

நான் திண்டுக்கல் பக்கம் மில்லுகளுக்கு சர்வர் பார்த்துக் குடுக்கறவன், பதினேழு வருசமா. சில வருசம் முன்னாடி ஒரு மில்லுல உங்க இடத்துல இருக்கற அதே அமைப்பு. ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு எவனோ பாஸ்வேர்டு ஊகிச்சு உள்ள வந்திருக்கான். அட்மினிஸ்ட்ரேட்டராவே வந்ததால ஆன்ட்டிவைரஸை அவனே அழகா அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, நிதானமா எல்லா ஃபைலையும் பூட்டிட்டுப் போயிருக்கான். திங்கக்கிழமை காலைல சம்பளக் கணக்கு பூராம் புரியாத எழுத்து. பேக்கப் இருந்துச்சு. ஆனா அந்த ஹார்ட் டிஸ்க்கை சர்வர்லயே எப்பவும் சொருகி வெச்சிருந்தாங்க, அதுவும் சேர்ந்து போச்சு. கடைசியில காப்பாத்துனது ஒரு அக்கவுண்டன்ட் அம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்த பென்டிரைவ், ஒம்பது நாள் பழசு. அந்த ஒம்பது நாளை வவுச்சர் வவுச்சரா மறுபடி அடிச்சோம். தர்மான்னு பேர் வெச்ச, ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கற ஒரு ரான்சம்வேர் 2016ல இருந்து இந்த வாசல் வழியாத்தான் ஊர் ஊரா நுழைஞ்சுது. பேரு தர்மா, அதான் கொடுமை.

டைடல்பார்க் சொன்னதுல பாதி சரி. நீளமான பாஸ்வேர்டு வேணும். போர்ட் நம்பர் மாத்தறது வாசக்கதவைப் பின்பக்கம் வெக்கற மாதிரி, அவ்வளவுதான். 2013லயே மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க ஸீமேப்னு ஒண்ணு பண்ணி, ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து மொத்த ஐபிவி4 இன்டர்நெட்டையும் 45 நிமிசத்துக்குள்ள தட்டிப் பார்க்கலாம்னு காட்டிட்டாங்க. 45123ஐயும் தட்டுவான், பதில் வர்ற விதத்தை வெச்சே உள்ள ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்) இருக்குன்னு கண்டுபிடிப்பான். லாக்அவுட் பாலிசி நல்லதுதான், ஆனா வாசல் திறந்திருக்கும்போது அதை வெச்சா அவன் மோத மோத உங்க ஓனர் அக்கவுண்ட்தான் பூட்டிக்கும். 20ஆம் தேதி ராத்திரி அது நடந்தா யார் போன் எடுப்பா?

பாஸ்வேர்டே தேவைப்படாத ஓட்டையும் வரும். 2019 மே மாசம் புளூகீப்னு ஒண்ணு வந்துச்சு. லாகின் ஸ்கிரீனைத் தாண்டாமலே உள்ள வரலாம். ஆதரவு நிறுத்தின எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் திரும்பி வந்து பேட்ச் குடுத்துச்சுன்னா பாத்துக்கங்க. உங்க 2016க்கு அது பொருந்தாது. அடுத்தது பொருந்தாதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல.

இப்ப நீங்க கேட்ட பேருக்கு வர்றேன்.

எனிடெஸ்க், டீம்வியூவர் ரெண்டும் திருட்டு ஆப் இல்ல. 2019 பிப்ரவரியில ரிசர்வ் வங்கி எச்சரிச்சது, மோசடிக்காரன் போன்ல பேசி ஜனங்களை எனிடெஸ்க் ஏத்த வெச்சு யூபிஐல பணம் எடுத்ததைப் பத்தி. கத்தி மேல குத்தம் இல்ல. ஆனா சர்வருக்கு நிரந்தர வாசலா இதை வெக்கறதுல எனக்கு வேற தயக்கம். உங்க மெஷின் எப்பவும் அவங்க கம்பெனி சர்வரோட தொடர்புல இருக்கும். போர்ட் திறக்க வேண்டாம், அதான் சௌகரியம். அதுக்கு விலை, நம்ம சாவியில பாதி அவங்க வீட்டுல. 2024 பிப்ரவரியில எனிடெஸ்க்கே தன் சர்வர்களுக்குள்ள ஆள் நுழைஞ்சதா அறிவிச்சு, சர்ட்டிஃபிகேட்டை மாத்துச்சு. அதே வருசம் ஜூன்ல டீம்வியூவர் ஆபீஸ் நெட்வொர்க்ல ஆள் புகுந்தான். வாடிக்கையாளர் பக்கம் எதுவும் போகலைன்னாங்க, இருக்கலாம். பிரிண்டர் டிரைவர் போட அரைமணி நேரம் யாரையாவது உள்ள விடணுமா, தாராளமா போடுங்க, வேலை முடிஞ்சதும் மூடுங்க.

ரஸ்ட்டெஸ்க்ல நடு சர்வரையும் நாமளே வெச்சுக்கலாம், அது பிடிச்ச விசயம். ஆனா அதைப் பராமரிக்க ஒரு ஆள் வேணும், உங்ககிட்ட பி.காம். படிச்ச ஒரே ஆள்தான் இருக்கார். விஎன்சி நேரா இன்டர்நெட்ல வேண்டவே வேண்டாம். அதோட பழைய பாஸ்வேர்டு முறையில நீங்க இருபது எழுத்து போட்டாலும் முதல் எட்டைத்தான் பார்க்கும்.

என் ஓட்டு வயர்கார்டுங்கற விபிஎன்னுக்கு, அதாவது இன்டர்நெட் வழியாப் போற பூட்டின தனிப் பாதைக்கு. 2020 மார்ச்ல லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்லயே, 5.6ல, சேர்த்துட்டாங்க. ஜேசன் டோனன்ஃபெல்ட்னு ஒருத்தர் எழுதினது, கோடு ரொம்பச் சின்னது. பெரிசா இருந்தாத்தான் பத்திரம்னு நினைக்கறவங்களுக்கு இது புரியாது. எனக்குப் பிடிச்ச குணம் இதோட மௌனம். சரியான சாவி இல்லாம எவன் தட்டினாலும் "யாரு"ன்னு கூடக் கேக்காது. ஸ்கேன் பண்றவனுக்கு அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். யூசர்நேம், பாஸ்வேர்டு கிடையாது, ஒவ்வொரு லேப்டாப்புக்கும் போனுக்கும் தனித்தனி சாவி. ஓனர் பையன் போனைத் தொலைச்சா அந்த ஒரு வரியை அழிச்சா முடிஞ்சுது, மத்த மூணு பேருக்கும் எதுவும் மாறாது.

ரிமோட் டெஸ்க்டாப்பைத் தூக்க வேண்டாம், அது நல்ல சரக்கு. அதை வயர்கார்டுக்குப் பின்னாடி ஒளிச்சு வைங்க. வயர்கார்டை சர்வர்ல ஏத்தாதீங்க, ரௌட்டர்ல வைங்க. மைக்ரோடிக் கம்பெனி ரௌட்டர்ல சின்ன மாடல் ஒண்ணு உங்க பட்ஜெட்டுல அடங்கும். ரௌட்டர் ஓஎஸ் 7 இருக்கணும், 6ல வயர்கார்டு கிடையாது. வாங்கினதும் அதோட செட்டிங் மாத்தற வின்பாக்ஸை வெளிப்பக்கம் மூடிடுங்க, 2018ல அதுலயே ஒரு ஓட்டை வந்து ஊர்ப்பட்ட ரௌட்டர் போச்சு. பூட்டு வாங்கினவன் பூட்டையே தொலைச்ச கதை ஆகிடக் கூடாது.

போறதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் பார்த்துச் சொல்லுங்க. ரௌட்டர்ல தெரியற வெளி ஐபியும் கூகுள்ல பார்க்கற ஐபியும் ஒண்ணா? 100.64ல இருந்து 100.127க்குள்ள ஏதாவது தெரிஞ்சா அது உங்களுக்கே உரிய ஐபி இல்ல, வெளியில இருந்து நேரா உள்ள வர முடியாது. ரெண்டாவது, நாலு பேரும் ஒரே நேரத்துல எப்படி சர்வர்ல உக்கார்றீங்க? சும்மா போட்ட விண்டோஸ் சர்வர்ல ரெண்டு பேருக்கு மேல விடாதே.

நொய்யல்கரை:

அண்ணா, ஃபார்வர்டிங்கை அணைச்சுட்டேன். ஓனர் கத்துனார். பென்டிரைவ் கதையைச் சொன்னேன், அடங்கிட்டார்.

ஐபி ரெண்டும் ஒண்ணுதானுங்க.

ரெண்டாவது கேள்விக்குப் பதில் தேடப் போயித்தான் பூதம் கெளம்பிருச்சு. நாலு பேர் உக்காரணும்னு அந்த வெண்டர் விண்டோஸ்ல ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைலையே மாத்தி வெச்சிருக்காருங்க. அப்டேட் போட்டா அது பழசுக்குத் திரும்பிருமாம். அதனால அப்டேட்டையே நிறுத்தி வெச்சிருக்கார். கடைசியா அப்டேட் ஆனது 2019! போன் போட்டா, "நல்லாத்தான ஓடுது, ஏன் கிண்டறீங்க"ங்கறார்.

பழையசாவி:

எதிர்பார்த்தேன். இது உங்க ஊர்ல மட்டும் இல்ல, நான் பார்த்த சின்ன ஆபீஸ்ல பாதிக்கு மேல இந்தக் கைவேலைதான். லைசென்ஸும் தப்பு, அப்டேட்டும் போச்சு. திறந்த வாசலை விட எனக்கு இதுதான் பயம்.

ஒரு கேள்வி. ஓனருக்கு அவர் கேபின்ல தனி கம்ப்யூட்டர் இருக்கா? பையனுக்கு? உங்களுக்கு? இருந்தா யாருமே சர்வர்ல உக்கார வேண்டாம். வயர்கார்டு வழியா அவங்கவங்க சொந்த மேஜைக் கம்ப்யூட்டருக்கே ரிமோட் டெஸ்க்டாப் பண்ணுங்க. டேலி கோல்டு லேன்ல எத்தனை மெஷின்ல வேணா ஓடும், அங்க டேலி எப்பவும் போல சர்வர் டேட்டாவைத் திறக்கும். விண்டோஸ் ப்ரோவா இருக்கணும், ஹோம்ல உள்ள விடாது. ராத்திரி மெஷினை அணைக்காம விடணும், கரன்ட் பில்லுக்கு ஓனர் முகம் சுளிச்சா என்கிட்ட அனுப்புங்க.

வீட்டு லேப்டாப்ல டேலியைப் போட்டு விபிஎன் வழியா டேட்டா ஃபோல்டரைத் திறக்கற வேலை மட்டும் வேண்டாம். ஆமை மாதிரி ஊரும், நடுவுல நெட் அறுந்தா டேட்டா கெட்டுப்போகும்.

சர்வர்ல அந்த டிஎல்எல்லைப் பழையபடி வெச்சு, முழு பேக்கப் எடுத்து அந்த டிஸ்க்கைக் கழட்டி பீரோல வெச்சுட்டு, அப்புறம் அப்டேட்டைத் திறங்க. ஞாயித்துக்கிழமை பண்ணுங்க. 2016க்கு 2027 ஜனவரி 12 வரைக்கும்தான் அப்டேட் வரும், அடுத்த சர்வருக்கு இப்பவே ஓனர் காதுல போட்டு வைங்க.

காந்திபுரம்_சிஏ_ஆர்ட்டிகிள்ஷிப்:

ஆடிட்டர் ஆபீஸ் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கு உங்க சர்வர் எதுக்குங்க? லெட்ஜர் பார்க்கணும், எண்ட்ரி சரிபார்க்கணும், அவ்வளவுதான். டேலியோட ஆன்லைன் வழியான டேலி டாட் நெட்ல ஆடிட்டர்னு ஒரு யூசர் வகையே இருக்கு. டேலிக்குக் கட்டற உங்க டிஎஸ்எஸ் சந்தா உயிரோட இருந்தா, நீங்க கம்பெனியைக் கனெக்ட் பண்ணி வெச்சா, நாங்க எங்க டேலில இருந்தே பார்த்துக்குவோம். பத்துப் பன்னெண்டு கிளையன்ட்டோட அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு எங்க ஆபீஸ்ல ஒரு எக்செல் ஷீட்ல இருக்கு. அதைப் பார்க்கறப்ப எனக்கே கூச்சமா இருக்கும். உங்களுதும் அதுல இருக்கலாம்.

கண்டோன்மெண்ட்:

உபுண்டு பெட்டியை எல்லாரும் மறந்துட்டீங்க. அதுல எஸ்எஸ்ஹெச், அதான் வெளியில இருந்து கமாண்ட் அடிக்க உள்ள வர்ற வழி, இருக்குமே? ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்ல பாஸ்வேர்டைத் திருடினாங்கன்னு டாட்டு இலோனன் 1995ல எழுதினதுதான் அது. முப்பது வருசம் கழிச்சும் நாம அதுல பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ள போறோம்! இடி25519 வகைச் சாவி உருவாக்குங்க, பாஸ்வேர்டு லாகினை நிறுத்துங்க, எல்லா உரிமையும் இருக்கற ரூட் லாகினை நிறுத்துங்க. அதையும் வயர்கார்டுக்குப் பின்னாடியே வைங்க. 2024 ஜூலையில லினக்ஸ்ல இருக்கற ஓப்பன்எஸ்எஸ்ஹெச்லயே குவாலிஸ்ங்கற செக்யூரிட்டி கம்பெனிக்காரங்க ஒரு ஓட்டை காட்டினாங்க, 2006ல அடைச்சது திரும்பத் திறந்துக்கிச்சாம். வெளியில தெரியாத பெட்டிக்கு அன்னிக்கு அவசரம் இல்ல.

உபுண்டுல ஒரு குழி இருக்கு. பெரிய கான்ஃபிக் ஃபைல்ல பாஸ்வேர்டை "நோ" ஆக்கிட்டு நிம்மதியா தூங்கிடுவீங்க. ஆனா பக்கத்து ஃபோல்டர்ல கிளவுட் இனிட்ங்கற இன்ஸ்டால் நேரத்து ப்ரோக்ராம் வெச்சுட்டுப் போன 50ஆம் நம்பர் ஃபைல்ல "யெஸ்"னு இருந்தா அதுதான் செல்லும், முதல்ல படிக்கறதுக்குத்தான் அங்க மதிப்பு. நான் ஒன்றரை வருசம் அப்படித் தூங்கினவன். எஸ்எஸ்ஹெச்டிக்கு மைனஸ் போட்டு பெரிய டி கொடுத்தீங்கன்னா உண்மையில எது அமல்ல இருக்குன்னு சொல்லும். புது செட்டிங்கை இன்னொரு ஜன்னல்ல நுழைஞ்சு பார்க்காம பழைய ஜன்னலை மூடாதீங்க.

நொய்யல்கரை:

மூணு வாரம் ஆச்சுங்க. கேட்டுட்டுக் காணாமப் போறவன்னு பேர் வாங்கக் கூடாதுன்னு வந்தேன்.

மைக்ரோடிக் வாங்கி வயர்கார்டு ஓடுது. ஒன்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. சர்வர்ல அப்டேட் போட ஞாயித்துக்கிழமை காலைல எட்டுக்கு ஆரம்பிச்சு சாயந்தரம் அஞ்சு மணி. நடுவுல ஒரு தடவை 27 சதவீதத்துல ஒன்றரை மணி நேரம் நின்னுச்சு. நான் பீரோ சாவியைக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் நகந்துச்சு. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு இப்ப எனக்கும் ஓனர் லாக்கர்ல இருக்கற கவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆடிட்டர் ஆபீஸ் டேலி டாட் நெட்டுக்குப் போயிட்டாங்க. ஆர்ட்டிகிள்ஷிப் தம்பிக்கு நன்றி. அவங்க எக்செல் ஷீட்ல எங்க வரி இருந்துச்சான்னு கேட்டேன், சிரிச்சாங்க.

ரெண்டு எடத்துல இடிச்சுது, அடுத்து வர்றவங்களுக்கு உதவட்டும்னு எழுதறேன். ஓனர் பையன் லேப்டாப்ல அவருக்கு அட்மின் உரிமை இல்ல, வயர்கார்டைத் தொட்டாலே திறக்கல. அவர் யூசரை நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ் குரூப்புல சேர்த்து, ரெஜிஸ்ட்ரில லிமிட்டெட் ஆபரேட்டர் யூஐன்னு ஒண்ணை 1 ஆக்கினதும் ஆன், ஆஃப் மட்டும் பண்ண விட்டுச்சு. அதுக்கு மேல அவருக்கு வேண்டாம்.

இன்னொண்ணு, என் வீட்டு பிராட்பேண்ட்ல நல்லா வருது, போன் ஹாட்ஸ்பாட்ல போட்டா பாஸ்வேர்டு கேக்கும், அப்புறம் கறுப்பு ஸ்கிரீன். ரெண்டு நாள் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திட்டினேன். கடைசில பழையசாவி அண்ணா தனியா சொன்னார், எம்டியூவாம், ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிசா இருக்கலாம்ங்கற அளவு. 1420ல இருந்ததை 1280 ஆக்கினேன், கண்ணாடி மாதிரி வந்துச்சு. சின்ன பாக்கெட் போயிருச்சு, பெரிய பாக்கெட் நடுவழியில மாட்டிக்கிச்சுன்னு இப்பப் புரியுது. பேக்கிங் பண்றவனுக்கு இது புரியாம இருக்குமா.

வெளியில இருந்து வர்ற 4625 ஒண்ணு கூட இல்லீங்க இப்ப. காலைல முதல் வேலையா அதைத்தான் பார்க்கறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஓனர் அடுத்த மாசம் பையர் மீட்டிங்குக்கு ஜெர்மனி போறார். போன தடவை ஒரு ஹோட்டல் வைஃபைல வாட்ஸப் கால் கூடப் போகலைங்கறார். அங்க வயர்கார்டு வருமா?

பழையசாவி:

வராம போக வாய்ப்பிருக்கு. வயர்கார்டு யூடிபிங்கற ஒரு வகைப் போக்குவரத்துல மட்டும்தான் பேசும், சில ஹோட்டல்காரன் அதை அடைச்சு வெச்சிருப்பான். அதுக்காக இங்க எதையும் மாத்தாதீங்க. ஓனர் போன்ல ரோமிங் பேக் போட்டு விடுங்க, ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்பை இணைச்சுக்கட்டும். அதுவும் வேண்டாம்னா அவர் கேபின் மெஷின்லயும் லேப்டாப்புலயும் டெயில்ஸ்கேல் போட்டு வைங்க. அதுவும் உள்ள வயர்கார்டுதான், யூடிபி அடைபட்டா வெப்சைட் போற 443 வழியா சுத்திக்கிட்டு வரும், கொஞ்சம் மெதுவா. கூகுள் லாகின்ல வர்றதால அவர் ஜிமெயிலுக்கு ரெண்டாம் பூட்டு போட்டிருக்காரான்னு முதல்ல பாருங்க.

நொய்யல்கரை:

பார்த்தேனுங்கண்ணா. ஜிமெயில் பாஸ்வேர்டும் கம்பெனி பேரும் 2018மும்தான். மாத்திட்டு வர்றேன்.